கழுத்தை நீட்டிய கௌதாரிக் குஞ்சு

கள்ளிக்காட்டில் ஒரு கௌதாரி ஜோடி குடியிருந்தது. அவற்றுக்கு ஒரே ஒரு குஞ்சு. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அதன் பெயர் பொட்டு.

பொட்டுவைப் பள்ளியில் சேர்க்கும் காலம் வந்தது. புங்கமரத்தடியில் செம்போத்து ஒரு பள்ளி நடத்தியது. வந்த பிள்ளையை வந்த அன்றே சேர்த்துக்கொள்ளும். குன்றின் மேல் மயில் ஒரு பள்ளி நடத்தியது. அங்கே சேர நுழைவுத் தேர்வு தடபுடலாக நடக்கும். தேர்வு பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றவர்களுக்கும்தான்!

பக்கத்துப் புதர் முயல் பெண் கௌதாரியிடம் வந்து கேட்டது.

“என்னக்கா, பொட்டுவைச் செம்போத்துகிட்டயா விடப்போறீங்க? அங்க தேர்வே கிடையாதாமே! தேர்வு வைக்காத பள்ளியெல்லாம் ஒரு பள்ளியா?”

அதற்குப் பிறகு பெண் கௌதாரிக்குத் தொண்டையில் இரை இறங்கவில்லை. மயில் பள்ளிதான் என்று முடிவு செய்துவிட்டது.

தேர்வுக்குப் பழக்குவதற்கென்றே ஆலமரத்தில் ஒரு கிளி இருந்தது. அது சொன்னது: “மயில் ஐயா பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். அவர் ‘ஆகோவ்’ என்பார். பிள்ளை கழுத்தை நன்றாக நீட்டி, ‘ஆகோவ்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டிலும் அதே பேச்சாகப் பேசுங்கள். உங்கள் கௌதாரிப் பேச்சு காதில் விழுந்தால் பிள்ளைக்கு எல்லாம் குழம்பிவிடும்!”

அன்று முதல் புதருக்குள் வேறு பேச்சே இல்லை. கரையான் தின்னக் கூப்பிட்டாலும் ஆகோவ். படுக்கக் கூப்பிட்டாலும் ஆகோவ். பொட்டுவும் கழுத்தைக் குச்சி மாதிரி நீட்டி, “ஆகோவ்!” என்று சொல்லப் பழகிவிட்டது.

ஆண் கௌதாரிக்கு மட்டும் அந்தச் சத்தம் வரவே இல்லை. எவ்வளவு முக்கினாலும் தொண்டையிலிருந்து “கிர்ர்” என்றுதான் வந்தது.

“என்னங்க நீங்க! பிள்ளை முன்னாடி அந்தச் சத்தம் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றது பெண் கௌதாரி.

“ஏ புள்ள, இது முட்டைக்குள்ள இருக்கும்போதே நான் இந்தச் சத்தத்துலதானே கூப்பிட்டேன்? அப்போ இனிச்சுது, இப்போ கசக்குதா?”

“பிள்ளை முன்னுக்கு வரணுமா, வேண்டாமா? கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க!”

ஆண் கௌதாரிக்குச் சுருக்கென்று தைத்தது. “சரி. இந்த விஷயத்துல இனிமே நான் வாயைத் திறந்தா கேளு!” என்று திரும்பி உட்கார்ந்துகொண்டது. அது எதையும் சுலபத்தில் மறக்கிற பறவை இல்லை. தேர்வு நாள்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்வு நாள் வந்தது. குன்றின் மேல் முள்வேலி. வேலி வாசலில் ஓணான் காவல் நின்றது.

“மயில் பேச்சுத் தெரியுமா?” என்று ஆண் கௌதாரியைக் கேட்டது. அது பதில் சொல்லவில்லை.

“பேசத் தெரியாத தகப்பன்மாரெல்லாம் வெளியே! உள்ளே வந்து பிள்ளையின் மானத்தை வாங்காதே!” என்று ஓணான் தலையை ஆட்டியது.

பெண் கௌதாரி தரையைப் பார்த்தபடி பொட்டுவை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஆண் கௌதாரி வேலிக்கு வெளியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தது. ‘இருக்கட்டும். ஒருநாள் என் குரல் இவங்களுக்கு வேண்டியிருக்கும். அப்போ பார்த்துக்கறேன்’ என்று நினைத்துக்கொண்டது.

உள்ளே மயில் தோகையைச் சரிசெய்துகொண்டு பொட்டுவின் முன் வந்து நின்றது.

“ஆகோவ்!”

பொட்டு கழுத்தை நீட்டியது. “ஆகோவ்!”

“அடடா! என்ன உச்சரிப்பு! இந்தப் பிள்ளைக்கு இடம் நிச்சயம்!” என்றது மயில். பெண் கௌதாரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் வேலி ஓட்டை வழியே ஒரு காட்டுப்பூனை உள்ளே நுழைந்தது.

முதலில் பார்த்தது மயில்தான். படபடவென்று பறந்து மரத்தின் உச்சிக்கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஓணான் பொந்துக்குள் மறைந்தது. வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளும் பெற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பொட்டுவுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. பறக்க முடியாது. பூனை பதுங்கிப் பதுங்கி அதை நோக்கியே வந்தது.

பெண் கௌதாரி பதறிப்போய்க் கத்தியது. ஆனால் பழகிப் பழகி அதன் வாயில் வந்தது என்ன தெரியுமா?

“ஆகோவ்! ஆகோவ்!”

பொட்டுவுக்கு ஒரே சந்தோஷம். தேர்வு இன்னும் முடியவில்லை என்று நினைத்தது. பூனைக்கு நன்றாகத் தெரியும்படி கழுத்தை உயர நீட்டி, “ஆகோவ்!” என்றது.

வேலிக்கு வெளியே ஆண் கௌதாரி இதைப் பார்த்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன வாய். வெளியே நில் என்று விரட்டப்பட்ட வயிற்றெரிச்சல். எல்லாம் ஒரு நொடி குறுக்கே நின்றது. பூனை பின்னங்காலை மடக்கியது. அடுத்த நொடி அந்த ரோஷமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை!

“கிர்ர்ர்ர்!”

முட்டைக்குள் கேட்ட குரல். பொட்டு யோசிக்கவே இல்லை. அந்தக் குரல் கேட்டால் கௌதாரிக் குஞ்சு செய்வதையே செய்தது. கழுத்தைச் சுருக்கித் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. மண்ணின் நிறமும் குஞ்சின் நிறமும் ஒன்று. பாய்ந்த பூனைக்குக் குஞ்சு தெரியவில்லை. வந்த வேகத்தில் குஞ்சின் தலைக்கு மேலே தாவி, நேராக முள்வேலியில் போய் விழுந்தது. மூக்கெல்லாம் முள்! “மியாவ்! மியாவ்!” என்று கதறிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கி ஓடிப்போனது.

ஆண் கௌதாரி வேலிக்குள் புகுந்து வந்தது. யாரும் தடுக்கவில்லை. பெண் கௌதாரி குஞ்சை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டது. மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது.

உச்சிக்கிளையிலிருந்து மயில் கேட்டது: “பூனை போய்விட்டதா? நல்லது! பிள்ளைக்கு இடம் உண்டு. ஆனால் என் பள்ளியில் அந்தக் கர்ணகடூரமான சத்தம் போட்டது யார்?”

“என் வீட்டுக்காரர்!” என்று பெண் கௌதாரி தலையை நிமிர்த்திச் சொன்னது. “உங்க இடத்தை நீங்களே வெச்சுக்குங்க ஐயா!”

மூன்றும் குன்றிலிருந்து இறங்கின. பாதி வழியில் ஆண் கௌதாரி முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டது.

“ஏ புள்ள, இனிமே நான் வாயைத் திறக்கலாமா?”

“திறங்க சாமி! நல்லா திறங்க!” என்று பெண் கௌதாரி சிரித்துக்கொண்டே அழுதது.

“கிர்ர்!” என்றது பொட்டு.

மறுநாள் பொட்டு செம்போத்துப் பள்ளிக்குப் போனது. புங்கமரத்தடிதானே, புதரிலிருந்து கூப்பிட்டால் கேட்கும்.

பெரிய பள்ளியில் இடம் வாங்குவதற்காகப் பிள்ளையிடம் வீட்டுப் பேச்சை மறைக்கிறவர்கள், ஆபத்து வரும்போது அந்தப் பிள்ளையைக் கூப்பிடக் குரலில்லாமல் நிற்பார்கள்.