முகம் காட்டாத கணக்கு

“இது செத்துச் செத்துப் பிழைக்குது குருவே” என்றார் மாசிலாமணி.

துணிப்பையிலிருந்து ஒரு கறுப்புக் கம்ப்யூட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கம்ப்யூட்டர் என்றதும் இந்தக் காலத்து ஆசாமியை நினைக்க வேண்டாம். இது நாற்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டு டிவியோடு மாட்டிக்கொண்ட ரகம். டைரி அளவுதான் இருக்கும். கீபோர்டு என்று பெயருக்கு ஒரு தட்டைத் தகடு. அமுக்கினோமா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. சுவிட்சும் கிடையாது. பிளக்கைச் செருகினால் உயிர் வரும், பிடுங்கினால் போகும். போகும்போது சொல்லிக்கொடுத்தது அத்தனையையும் மறந்துவிட்டுப் போகும்.

குரு எழிலரசிக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. உறையூரில் ஒரு மாடியறை நிறைய இப்படிப்பட்ட கிழட்டு இயந்திரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குப் பழக்கிவிடுவது எழிலரசியின் பொழுதுபோக்கு. மாசிலாமணி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முதலில் கிண்டலாகத்தான் ‘குருவே’ என்றார். அப்புறம் அதுவே ஒட்டிக்கொண்டது.

“எப்ப சாகுது?”

“கணக்கு குடுத்தா.”

“என்ன கணக்கு?”

“ஆறு இருக்கில்ல? அதை வகுக்கிற ஒண்ணு, ரெண்டு, மூணைக் கூட்டினா அதே ஆறு வரும். அந்த மாதிரி வேற எண் இருக்கான்னு ஐநூறு வரைக்கும் தேடச் சொன்னேன். ஓடுன்னு சொன்னதுதான் தாமதம், டிவி சாம்பல் நிறமாயிடுது. ஒரு எழுத்து கிடையாது.”

“உடனே நீங்க?”

“பிளக்கைப் பிடுங்குவேன்.”

“அப்புறம்?”

“மறுபடி செருகி, முதல் வரியிலேருந்து டைப் அடிச்சு, மறுபடி ஓடவிடுவேன். மறுபடி செத்துடும். விரல்தான் தேயுது குருவே.”

சொல்லும்போதே அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போனை எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

“என்ன சார்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததையா இத்தனை தடவை எடுத்துப் பாக்குறீங்க?”

மாசிலாமணி மீசையைத் தடவிக்கொண்டார்.

“வசுமதிகிட்ட கேட்டுட்டேன்.”

வசுமதி பக்கத்துத் தெரு நூலகத்தில் நூலகர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மனைவியை இழந்து பல வருஷமான மாசிலாமணி, படித்த புத்தகத்தையே திரும்பத் திரும்ப எடுக்க அங்கே ஏன் போகிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

“ஆகா! என்ன சொன்னாங்க?”

“யோசிச்சுச் சொல்றேன்னாங்க. அதோட சரி, மூச்சில்லை. காலையில போன் பண்ணி யோசிச்சாச்சான்னு கேக்குறேன். இன்னும் இல்லைங்கிறாங்க. மத்தியானம் கேக்குறேன். சாயங்காலம் நேர்லயே போறேன். நேத்து என்னைப் பார்த்ததும் அலமாரிக்குப் பின்னாடி போயிட்டாங்க. முகத்தைக்கூட காட்டலை.”

“அவ்வளவுதான்னு நினைக்கிறேன் குருவே. பிடிக்கலை. சொல்ல மனசில்லாம இருக்காங்க.”

வகுப்பறையில் கர்ஜிக்கிற மனிதர்தான். இப்போது அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

எழிலரசி கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினாள்.

“டைப் அடிங்க.”

அடித்தார்.

“முதல் வரியில என்ன அது?”

“‘ஃபாஸ்ட்’. அதைப் போட்டா கணக்கு வேகமா முடியும்னு புத்தகத்துல இருந்துச்சு. எனக்குத்தான் காத்திருக்கிறதுன்னாலே ஆகாதே.”

எழிலரசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஓடவிடுங்க.”

ஓடவிட்டார். டிவி சாம்பலானது.

“பாத்தீங்களா? போயிடுச்சு!” என்று பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார்.

எழிலரசி அதற்குள் நாற்காலியை இழுத்து, பிளக்கை மறைத்து உட்கார்ந்துவிட்டாள். மடியில் டிபன் கேரியரைத் திறந்தாள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.

“சாப்பிடுங்க சார்.”

“செத்த வீட்டுல சாப்பாடா?”

“யாரு செத்தா?”

வேறு வழியில்லாமல் ஒரு தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டார். டிவியைப் பார்த்தார். இன்னொரு வாய். இடது கை போனை எடுத்தது.

“அதை இதுல போடுங்க” என்று காலி அடுக்கு ஒன்றை நீட்டினாள் குரு. போன் உள்ளே போனது. மூடி விழுந்தது.

உருளைக்கிழங்கு தீர்ந்துபோனது. டிவியில் சாம்பல் அப்படியே இருந்தது.

“இதுக்கு இருக்கிறது ஒரே மூளை சார்” என்றாள் எழிலரசி, விரலை நக்கியபடி. “டிவியில எழுத்து காட்டுறதும் அதுதான், கணக்குப் போடுறதும் அதுதான். முகம் காட்டிக்கிட்டே போடுன்னா போடும். நாலு மடங்கு நேரம் எடுத்துக்கும். நீங்கதான் சீக்கிரம் வேணும்னீங்க. அதான் முகத்தை மூடிக்கிட்டுப் போடுது.”

மாசிலாமணி வாய்க்குக் கொண்டுபோன கவளத்தோடு நின்றுவிட்டார்.

“அப்ப, நான் பிடுங்கினப்பல்லாம்?”

“பாதிவழி வந்திருக்கும்.”

மோர் குடித்தார்கள். பாத்திரம் கழுவினார்கள். மாசிலாமணி ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். ஆனால் பிளக் பக்கம் போகவில்லை.

திடீரென்று டிவி வெளுத்தது.

6

28

496

“வந்துடுச்சு! வந்துடுச்சு குருவே!” ஐம்பது வயதை மறந்து குதித்தார். அந்தச் சந்தோஷத்தை உடனே ஒருவரிடம் சொல்லியாக வேண்டும். கேரியரைத் திறந்து போனை எடுத்தார். வசுமதியின் பெயருக்கு விரல் போனது.

நின்றது.

டிவியைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

போனை மறுபடி அடுக்குக்குள் வைத்து, மூடியைத் தானே அழுத்தி மூடினார்.

“கேரியரை அப்புறமாத் திருப்பித் தரேன்” என்றார்.

மறுநாள் அவர் வசுமதிக்கு போன் செய்யவில்லை. அதற்கடுத்த நாளும் செய்யவில்லை. நூலகத் தெருவைத் தவிர்க்கக் கடைவீதி சுற்றிப் பள்ளிக்கூடம் போனார். சோறு இறங்கவில்லை. கேரியரைத் திருப்பிக் கொடுக்க எழிலரசியின் மாடிக்கு வந்தபோதுதான், அடுக்குக்குள் போன் அடித்தது.

வசுமதி.

“என்ன சார், உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்?”

“நல்லாத்தான் இருக்கேன். சும்மா, தொந்தரவு பண்ண வேணாமேன்னு...”

“அதான் பாத்தேன். நிம்மதியா இருந்துச்சு. முக்கால்வாசி யோசிச்சுட்டேன்.”

மீதி எப்போது என்ற கேள்வி மாசிலாமணியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழிலரசியைப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் பிளக்குக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் வெச்சிடுறேங்க” என்றார் அவசர அவசரமாக. “நீங்க யோசிங்க.”

போனை வைப்பதற்குள், அந்தப் பக்கம் வசுமதி சிரிப்பது கேட்டது.