ஆட்காட்டியின் நனைந்த வயிறு

"எழுந்திருடா! முட்டை வேகுது!" என்று கத்தியது தேரை.

ஆட்காட்டிப் பறவை நெட்டையன் அசையவில்லை. ஏரிக்கரைச் சரளையில், நாலு முட்டைமேல் உட்கார்ந்திருந்தான். சித்திரை வெயில். கல்லெல்லாம் கொதித்தது.

"இது சாரலோட முறை. அவ வயித்தை நனைச்சுக்கிட்டு வருவா. வந்ததும் எழுந்திருக்கிறேன்."

ஆட்காட்டிகளின் வழக்கம் அது. ஒன்று முட்டைமேல் உட்காரும். இன்னொன்று ஏரியில் வயிற்றுச் சிறகை நனைத்துவந்து முட்டையைக் குளிரவைக்கும். மாறி மாறிச் செய்தால்தான் முட்டை தப்பும்.

ஆனால் அவன் ஜோடி சாரல் வரமாட்டாள். நேற்று சாயங்காலம் பருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நெட்டையன் கண்ணெதிரேதான். பார்த்தும் காத்திருந்தான். அவள் முறைக்குத் தான் எழுந்துபோனால் அவள் இல்லை என்று ஆகிவிடுமே! அதுதான் அவன் பயம்.

"அவ வரமாட்டா, நெட்டையா. உனக்கே தெரியும்."

"வாயை மூடு!"

"மூடுறேன். முட்டைக்குள்ள இருக்கிறதும் கண்ணை மூடிடும். பரவாயில்லையா?"

நெட்டையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேரையைக் கொத்த எழுந்தான். காலில் ஒரு முட்டை பட்டது. சுட்டது!

அப்படியே ஏரிக்கு ஓடினான். தண்ணீரில் வயிறு பட்டதுதான் தாமதம், அழுகை வெடித்தது. கரையே அதிர்ந்தது.

மீனுக்காக நின்றிருந்த கொக்கு துள்ளி விழுந்தது. "ஏய்! முதல்ல அழுகையை அடக்கு! அப்புறம் வேலையைப் பாரு!"

"அடக்குறதுக்குள்ள முட்டை வெந்துடும்ணே!"

"உன் சத்தத்துல மீன் ஓடுதுடா!"

"ஓடட்டும்ணே!"

அழுதுகொண்டே திரும்பினான். ஈர வயிற்றை முட்டைமேல் வைத்தான். காய்ந்ததும் மறுபடி ஓடினான். தன் முறை, அவள் முறை, இரண்டும் இனி அவனுடையதுதான். சில தடவை அழுதான். சில தடவை அழ மூச்சு இல்லை. பத்தாம் நாள் வழியில் ஒரு புழுவைக் கொத்தித் தின்றான். ருசித்தது. அதற்கும் அழுதான். அழுது முடித்து இன்னொரு புழுவைத் தேடினான்.

மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நாலாவது முட்டை அப்படியே கிடந்தது. முதல் நாள் பட்ட சூடு. தன் தப்பு என்று நெட்டையனுக்குத் தெரியும். அதற்காக மறுபடி உட்கார்ந்துவிடவில்லை. சாரல் எப்படிப் பறப்பாள் என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் தண்ணீர்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான்.

"பசங்களுக்கு அவங்கம்மா எப்படிப் பறப்பான்னு சொல்லிக்கிட்டிருக்கியா? இனியாவது அவளை மறந்துடுடா!" என்றது கொக்கு.

துக்கம் தீர்ந்த பிறகுதான் எழுவேன் என்று உட்கார்ந்தால் இருப்பதும் போகும், அழுதபடியே எழுந்து ஆகவேண்டியதைப் பார்த்தால் மனசு மெல்ல ஆறும். அதற்கு மறக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, நெட்டையன் மறக்கவும் இல்லை.