பூவராகன் மேசைமேல் வைத்த கல்

ரத்த வங்கியில் கணினிப் பதிவு பார்க்கிறவர் பூவராகன். கொடுத்தவர் பெயர், ரத்த வகை, தேதி. இருபத்திரண்டு வருடம் கை பிசகாத மனிதர். போன மாதம் ஒரு பையின் வகையை மாற்றி அடித்துவிட்டார். நர்ஸ் ஒருத்தி சந்தேகப்பட்டு மறுபடி சோதிக்கச் சொன்னதால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி பிழைத்தாள்.

அந்த ஞாயிறே அவர் மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் போனார். குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். பூவராகனைவிட வயதில் இளையவர். ஆனாலும் பத்து வருடமாக அவர் அந்த அம்மாவின் சீடர்.

"மனசு நிக்க மாட்டேங்குதும்மா. விரல்ல சிவப்பு நூல் கட்டினேன். கீபோர்டு பக்கத்துல ஒரு கூழாங்கல் வச்சேன், பார்த்ததும் வேலைக்குத் திரும்பணும்னு. மூணு நாள் கேட்டுது. அப்புறம் நூலும் கண்ணுல படல, கல்லும் படல. நேத்து ஒரு மணி வாங்கியிருக்கேன்."

"மணி எதுக்கு?"

"கால் மணிக்கு ஒரு தரம் அடிச்சுக்கறதுக்கு. இல்லன்னா என் கையால ஒரு உசுரு போயிடும்மா."

"வேலையை விட்டுடலாமே."

"வீட்டுல இருக்க முடியல."

அப்போது சமையல்கட்டில் யாரோ அண்டாவைத் தவறவிட்டார்கள். கூடத்தில் இருந்தவர்கள் தலையைத் திருப்புவதற்குள் பூவராகன் எழுந்து ஓடியிருந்தார். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. வாசற்படியில் இடித்துக்கொண்ட கால்விரலில் ரத்தம்.

"யாரும் விழல" என்றார்.

"விழுந்தாங்கன்னு யார் சொன்னா?"

பூவராகன் கால்விரல் ரத்தத்தை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு சொன்னார்:

"என் வீட்டுக்காரி குளியலறையில விழுந்தாம்மா. தை மாசம். நான் பக்கத்து ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி. ரத்தம் கொடுத்தவங்க பட்டியல், முந்நூறு பேர். 'ஏங்க'ன்னா. 'இதோ வரேன்'னேன். முடிச்சிட்டுத்தான் எழுந்தேன்."

"பட்டியல்ல பிழை இருந்துதா?"

"ஒண்ணுகூட இல்ல."

அம்மா நகர்ந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க மனசு எங்கயும் அலையல, ஐயா. அந்தக் குளியலறைக் கதவுகிட்ட காதை வச்சுக்கிட்டு நிக்குது. இன்னொரு தரம் கூப்பிட்டா உடனே ஓடிடலாம்னு."

ஐம்பத்தெட்டு வயது மனிதர், சின்னப் பிள்ளைபோலக் கேட்டார்.

"கூப்பிடுவாளாம்மா?"

"மாட்டாங்க, ஐயா."