மேலத்தெரு வீட்டை விக்கலாமா?

வெள்ளிக்குறிச்சி ராஜா பூபதிக்கு மேலத்தெருவுல ஒரு வீடு உண்டு. அரண்மனை கட்டுறதுக்கு முன்னாடி அவரு பொறந்து வளர்ந்த வீடு. இருபது வருஷமா அதுல வாடகைக்கு இருக்கறது தாண்டவராயன். சபையில வாய் சாமர்த்தியத்தாலயே சம்பளம் வாங்குற ஆளு.

வீட்டை விக்கறதா, வச்சுக்கறதான்னு ராஜாவுக்கு ஓயாத குழப்பம். காலையில விக்கலாம்பாரு. சாப்பிட்டு எந்திரிச்சா வேணாம்பாரு. எண்ணெய் வியாபாரி வைரவன் செட்டியார் வந்து நல்ல விலை சொன்னதும் மனசு ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு.

"இன்னைக்கே வித்துடறேன்"னாரு சபையில.

தாண்டவராயன் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்தான். பொண்டாட்டி, நாலு புள்ளைங்க, ஒரு கறவை மாடு. இழுத்துக்கிட்டு எங்க போறது? மெதுவா வாயைத் தொறந்தான்.

"நிறுத்து! குடியிருக்கறவன் யோசனை எனக்கு வேணாம். வீட்டைப் பத்தி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொன்னே, நாளைக்கே காலி பண்ணிடணும்"னாரு ராஜா.

"சொல்லலை மகாராஜா. செட்டியார்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கவா?"

"கேட்டுத் தொலை."

"செட்டியாரே, வீடு கைக்கு வந்ததும் என்னென்ன பண்ணப் போறீங்க?"

செட்டியாருக்கு ஒரே குஷி. "எல்லாம் யோசிச்சு வச்சிட்டேன். மொதல்ல பின்னாடி நிக்கற பலா மரத்தை வெட்டிட்டுச் செக்குப் போடறேன்."

ராஜா நெளிஞ்சாரு. "அது எங்கம்மா வச்ச மரம்யா."

"அப்ப வெறகை அரண்மனைக்கே அனுப்பிடறேன். அப்புறம் தெருப்பக்கத்து ஜன்னலை அடைச்சிடறேன்."

"வாத்தியார் வந்தா நான் அது வழியாத்தான்யா குதிச்சு ஓடுவேன்!"

"இப்ப நீங்க எதுக்கு மகாராஜா ஓடணும்?" செட்டியார் நியாயமாத்தான் கேட்டாரு. "கூடத்து உத்தரத்துல ஒரு தொட்டில் வளையம் சும்மா தொங்குது. அதுல தராசு மாட்டிக்குவேன்."

ராஜா எந்திரிச்சே நின்னுட்டாரு. "என் தொட்டில் வளையத்துல புண்ணாக்கு நிறுப்பியா? வீடு விக்கறதுக்கில்லை, போய்யா!"

என்ன தப்பு பண்ணோம்னு தெரியாமயே செட்டியார் நடையைக் கட்டினாரு.

ராஜா தாண்டவராயனை மொறைச்சாரு. "அந்தாளு மரத்துல கைவைப்பான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"அங்க யாரு குடியிருந்தாலும் அதைத்தான் மகாராஜா மொதல்ல வெட்டுவாங்க. பழம் விழுந்து ஓடு ஒடையுது. எலை கொட்டிக்கிட்டே கெடக்கு. இருபது வருஷமா எனக்கும் கை துறுதுறுங்குது. வீட்டுக்காரர் நீங்களாச்சே, அதான் கோடாலியை வச்சிட்டு வெளக்குமாத்தை எடுத்தேன்."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் நழுவி மூக்குல நின்னுச்சு. எலை கூட்ட அரண்மனையிலேருந்தே ரெண்டு ஆள் அனுப்பறதா உத்தரவு போட்டாரு.

வாடகையைக் குறைச்சாரான்னு கேக்காதீங்க. ராஜான்னாலும் வீட்டுக்காரரு இல்லையா?