பிரிட்டோ போட்ட கடைசிப் படலம்

"உங்க பிரிட்டோ என்னை நல்லா ஏமாத்திட்டுப் போயிட்டான், மேடம்."

இசக்கி கதவைக்கூடத் தட்டல. நேரா உள்ள வந்து, கைல இருந்த கண்ணாடித் தட்டை மேசைல டொக்குனு வச்சா.

தட்டுல வெங்காயத்தோல் கனத்துல பதினோரு கறுப்புப் படலம். எல்லாம் அவ லேபுல போட்டது. பதினொண்ணும் பாழ்.

அவ கைடு ராஹிலா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழட்டினாங்க. "என்ன பண்ணான்?"

"அவன் நோட்டுல எழுதின மாதிரியேதான் செஞ்சேன். ஒரு எழுத்து மாறல. கரண்டை ஒரு பக்கம் குடுத்தா படலம் தண்ணிய ஒட்டவிடாம உருட்டித் தள்ளுது. மறுபக்கம் குடுத்தா நனையுது. திருப்பிக் குடுத்தா பழையபடி தள்ளணும்ல? தள்ளல. இங்கன உருளுது, அங்கன ஒட்டுது. சொறி புடிச்ச நாய் மாதிரி திட்டுத்திட்டா நிக்கி."

"அவன் படலம்?"

"அது இருபது தடவை திரும்பிச்சே, நீங்களும்தான பாத்தீங்க? என்னமோ ஒண்ணை எழுதாம விட்டுட்டான். எழுதாமலே செத்தும் போயிட்டான்."



பிரிட்டோ லேபுல அவளுக்குப் பக்கத்து மேசைக்காரன். நாலு வருசம் அவ டிபன் பாக்ஸ்ல கேக்காமக் கைய வச்சவன். போன மாசம் பைபாஸ்ல லாரி அடிச்சிட்டுப் போயிருச்சி.

கல்லறைத் தோட்டத்துல மண்ணு போட்டுட்டு இசக்கி வீட்டுக்குப் போகல. நேரா லேபுக்கு வந்து பீக்கர் கழுவினா.

கல்லு மாதிரி நிக்கா பாருன்னு யாரோ சொன்னது அவ காதுல விழுந்துச்சி.

"அழுதா படலம் வந்துருமாக்கும்?"னு திருப்பிக் கேட்டா. அப்புறம் யாரும் அவகிட்ட வாயத் திறக்கல.

"இது திரும்பலேன்னா எனக்குத் தீசிஸ் இல்ல, மேடம். பேப்பர் வராது. அவன் பேரும் எங்கயும் வராது."

மேடம் எழுந்திரிச்சி அவளோட லேபுக்குப் போயி, அவ அலமாரியைத் திறந்தாங்க. உள்ள ஒரு சின்ன டப்பா. மூடில 'தொட்டா கைய ஒடிப்பேன்'னு இசக்கி எழுதி ஒட்டியிருந்தா.

பிரிட்டோ போட்டதுல மிச்சம் இருந்த ஒரே படலம்.

"அதத் தொடாதீங்க!"

"எதுக்கு வச்சிருக்க?"

"எதுக்கோ வச்சிருக்கேன். பாழாப் போச்சின்னா நீங்க போட்டுத் தருவீங்களா?"

 மேடம் படலத்தை ஒயர்ல மாட்டி உப்புத்தண்ணில முக்கினாங்க.

தண்ணிக்குள்ள அது வெள்ளித்தகடு மாதிரி மின்னிச்சி. நனையாத படலம் தன்னைச் சுத்திக் காத்தைப் புடிச்சி வச்சிக்கிடும். அந்த மினுக்கு.

சுவிட்சை இசக்கி கைல குடுத்தாங்க. "எப்பவும் பண்ற மாதிரி பண்ணு."

இசக்கி பல்லைக் கடிச்சிட்டுத் தட்டிவிட்டா.

ஒரு மூலைல வெள்ளி அணைஞ்சிச்சி. அங்கேருந்து கறுப்பு மெதுவா ஊர்ந்து வந்துச்சி. பாதி வந்ததும் அவ விரல் மறுபடி சுவிட்சுக்குப் போச்சி.

மேடம் அவ மணிக்கட்டைப் புடிச்சிட்டாங்க. "எதுக்கு இப்பவே?"

"நனைஞ்சிருச்சே! 'நனைஞ்சதும் திருப்பவும்'னுதான எழுதியிருக்கான்?"

"அவன் செய்யும்போது நீ பக்கத்துலதான இருந்த. அவன் என்ன பண்ணுவான்?"

இசக்கி சுவிட்சுலேருந்து விரலை எடுத்தா.

"சுவிட்சைப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிருவான், மேடம்."

"ம்."

"நான் கத்துவேன். 'ஊறிப்போகும்டா, சோம்பேறி'ம்பேன். 'ஊறட்டும், நீயும் வா'ன்னுட்டுப் போவான். ஒரு வடையும் தின்னுட்டுத்தான் வருவான்."

"நீ ஏன் பதினொண்ணுல ஒண்ணையும் முழுசா ஊறவிடல?"

இசக்கி தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தா.

"நனைஞ்சது நனைஞ்சபடியே நின்னுட்டா என்ன பண்றது, மேடம்?"

மேடம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. ரெண்டு பேரும் உக்காந்தாங்க.

வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சிச்சி. ரொம்ப நேரமாச்சி. இசக்கி விரலை மறுபடி சுவிட்சுமேல வச்சா.

"போதும் மேடம். திருப்பிரட்டுமா?"

மேடம் குனிஞ்சி பாத்தாங்க. ஓரத்துல நகக்கண் அளவுக்கு இன்னும் மினுங்கிக்கிட்டு இருந்துச்சி.

"இன்னும் முழுசா நனையல."

இசக்கி சுவிட்சை மேசைமேல வச்சிட்டா.