மெய்கண்டநாதன் எழுதிய பேய்

"எங்க ஆசிரியரை எல்லாரும் மறந்துட்டாங்க சாமி. நான் என்ன செய்யட்டும்?"

கேட்டுக்கொண்டே சபேசன் உட்கார்ந்தார். நரைத்த தலை, கையில் எழுதிவைத்த நீளமான பேச்சு. மறுநாள் நினைவுக் கூட்டம். போன வருடக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

மடத்துச் சமையற்கட்டில் குரு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே சமையல்கார அஞ்சுகம் அதை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு உங்க ஆசிரியர்?"

"மெய்கண்டநாதன், சாமி. பேய்க்கதை எழுதுவார். பேய்க்கதைக்குன்னே ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆனா எதுலயும் பேய் வராது. நாங்க எழுதிக் கொண்டுபோனா, பேய் வர்ற பத்தியை அடிச்சுடுவார். 'அது வரக் கூடாதுய்யா, வந்துட்டுப் போயிருக்கணும்'பார்."

சபேசன் பேச்சை வாசித்துக் காட்டினார். அச்சத்தின் அரசர், இருளின் இமயம், இன்னும் என்னென்னவோ. அஞ்சுகம் கொட்டாவி விட்டாள். குரு ஒரு சொத்தைக் காயைத் தூக்கிப் போட்டார்.

சபேசனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள்கூடக் கேட்கவில்லையென்றால் நாளைக்கு யார் கேட்கப் போகிறார்கள்?

"அவர் கதை ஒண்ணு சொல்லேன்" என்றார் குரு.

சபேசன் தாளைக் கீழே வைத்தார்.

"ஒரு தனிக்கட்டை. வீட்டைப் பூட்டிக்கிட்டு கல்யாணத்துக்குப் போறார். திரும்பி வந்தா, உள்ளே கொடியில காயப்போட்ட வேட்டியெல்லாம் மடிச்சு வெச்சிருக்கு. பக்கத்து வீட்டம்மா வேலைதான்னு நன்றி சொல்லப் போறார். அந்தம்மா, 'சாவி உங்ககிட்டதானே இருக்கு?'ங்குது."

அஞ்சுகத்தின் கை நின்றது.

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்தார். கூடத்துல நின்னு கொஞ்ச நேரம் யோசிச்சார். யாரா இருந்தா என்ன, மரியாதைன்னு ஒண்ணு இருக்கே. வெறும் கூடத்தைப் பாத்து, 'ரொம்ப நன்றிங்க'ன்னார்."

"அப்புறம்ண்ணே?"

"அந்த வீட்டுல முன்னாடி..."

குரு கையை உயர்த்தினார்.

சபேசன் சட்டென்று நிறுத்தினார். மெய்கண்டநாதனின் பேனாவும் அடிக்கச் சரியாக இந்த இடத்தில்தான் இறங்கும்.

உலை கொதித்தது.

"அஞ்சுகம், உள்ளே போய்ப் பருப்பு எடுத்துட்டு வா" என்றார் குரு.

அவள் இருட்டாயிருந்த சரக்கறையைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"எந்தப் பாவிண்ணே இதை எழுதினது? அவர் பேரென்ன?"

குரு சபேசனைப் பார்த்துவிட்டு அவரைக்காய்க்குத் திரும்பினார்.

இத்தனை வருடங்களில் கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பேரை யாரும் சபேசனிடம் கேட்டதில்லை. அவராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மெய்கண்டநாதன்" என்றார் சபேசன். கீழே கிடந்த பேச்சை மடித்து ஓரமாக வைத்தார்.