சந்தையில் ஒரு வெள்ளை

“கதையை முடிக்காதீங்க மாஸ்டர்,” என்றார் கோமதிநாயகம்.

மாஸ்டர் தைரியநாதன் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

‘சாட்டை செங்கோடன்’ படக்கதை கால் நூற்றாண்டாக ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. வரைந்தவர்கள் இந்த இருவர்தான். குருவைவிடச் சீடருக்கு வயது கொஞ்சம் கூட. அதனால் குரு அவரை அண்ணே என்பார்.

“வாசகர்கள் அழுவாங்க.”

“அழட்டும்ண்ணே.”

“செங்கோடனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை.”

“தப்பிச்சான்.”

கோமதிநாயகம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். கழுவி வைத்த தூரிகைகளை மறுபடி கழுவினார். காலையிலிருந்து இதே வேலை. பார்க்கிற நமக்கே தலை சுற்றும்.

“உண்மையைச் சொல்லுங்க,” என்றார் மாஸ்டர். “அழப்போறது வாசகர்கள்தானா?”

கோமதிநாயகம் தூரிகையைக் கீழே வைத்தார்.

“பயமா இருக்கு மாஸ்டர். நீங்க நாளைக்கே இன்னொருத்தனை உருவாக்கிடுவீங்க. நான் அவனுக்குப் பின்னால சுவர் வரைஞ்சவன். அவன் போயிட்டா என் சுவர் யாருக்கு வேணும்?”

அவர்கள் வேலை நடக்கிற விதம் அப்படி. முதலில் கோமதிநாயகம் கட்டம் முழுக்க வரைவார். கடைத்தெரு, கோட்டை மதில், கூட்டம், குதிரை. நடுவில் ஓர் ஆள் அளவுக்கு வெள்ளையாக விட்டுவைப்பார். அந்த வெள்ளையில் மாஸ்டர் செங்கோடனை நிறுத்துவார்.

மாஸ்டர் கதையின் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் நகர்த்தினார். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி.

“இதோ, இந்தக் கட்டத்துல செங்கோடன் ஆத்தைக் கடந்து போயிட்டான். அடுத்தது கடைசிக் கட்டம். மறுநாள் காலையில, அவன் விட்டுட்டுப் போன ஊர்ச் சந்தை. வரைங்கண்ணே.”

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். வரைந்த கையும்தான். தாளைப் பார்த்ததும் கோமதிநாயகம் உட்கார்ந்துவிட்டார். கத்தரிக்காய்க் குவியல் வந்தது. பேரம் பேசும் பெண்கள் வந்தார்கள். தராசு, வாழைத்தார், ஒரு கட்டைவண்டி, அதன் அடியில் தூங்கும் நாய். சாப்பாடு ஆறிப்போனது.

சாயங்காலம் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். நாயைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சந்தையின் நடுவில் விரலை வைத்தார். அங்கே ஓர் ஆள் அளவுக்கு வெள்ளை.

“இது என்னண்ணே?”

“செங்கோடன் நிக்கிற...”

கோமதிநாயகம் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அவன்தான் முந்தின கட்டத்துலயே போயிட்டானே.”

“கைப்பழக்கம் மாஸ்டர். தெரியாம விட்டுட்டேன்.” அவருக்கு அழுகை வந்தது. “நீங்க யாரையாவது நிறுத்திடுங்களேன். ஒரு வழிப்போக்கனையாவது.”

“மாட்டேன்.”

மாஸ்டர் சீவிய பென்சிலை அவரிடம் நீட்டினார்.

கோமதிநாயகம் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். உட்கார்ந்தார்.

“இவ்வளவு காலம் அவன் மறைச்சுக்கிட்டு நின்னானே, அவனுக்குப் பின்னால என்னதான் இருக்கு? நீங்களாவது சொல்லுங்க மாஸ்டர்.”

“எனக்கென்ன தெரியும்ண்ணே? சந்தை உங்களோடது.”